கோணவாயனை வரைந்தவள்

பொம்மைப் பட்டறையில் அவளுக்கு ஊசி என்று பெயர். பொம்மைகளுக்குச் சட்டை தைக்க வந்தவள் என்பது ஒரு காரணம். ஆளும் அப்படித்தான் இருந்தாள். காற்றடித்தால் கொடியில் காயும் துணியோடு அவளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சின்னவர்கள் ஊசியக்கா என்பார்கள், மற்றவர்கள் வெறும் ஊசி. பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. கடைசிவரை தன்னைத் தைக்கிறவளாகவே வைத்துவிடுவார்களோ என்பதுதான் வருத்தம்.

பட்டறை ஒரு காலத்தில் பழக்கூடைகளை அடுக்கி வைத்த குளிர்கிடங்கு. ஜன்னலே கிடையாது. பொம்மைப் படம் எடுக்கிறவர்களுக்கு அது வசதி, வெயில் ஏறுவதும் இறங்குவதும் உள்ளே தெரியக் கூடாது. ஒரு பொம்மை தலையைச் சொறிய வேண்டுமென்றால், கையை மயிரிழை உயர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். இன்னொரு மயிரிழை, இன்னொரு படம். காலையில் தூக்க ஆரம்பித்த கை தலையைத் தொடும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். ஓட்டிப் பார்த்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும். இதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். பட்டறைக்காரர்கள் ‘நகர்த்துறது’ என்பார்கள். “இன்னிக்கு எவ்வளவு நகர்த்தின?” என்று கேட்டால், “வாசல்லேர்ந்து நாற்காலி வரைக்கும்” என்று பதில் வரும்.

ஊசியின் வேலை மூலையில் ஒரு மேசை. முழங்கை நீளம்கூட இல்லாத ஆட்களுக்குக் கோட்டு, பாவாடை, பள்ளிச் சீருடை. அதிலேயே அவள் நிறையக் கற்றுக்கொண்டிருந்தாள். நம் துணி பொம்மைக்கு முரடு. ஒரு மடிப்பு விழுந்தால் மலைத்தொடர் மாதிரி தெரியும். நைந்த பழைய புடவையும் கைக்குட்டையும்தான் சரிப்படும். காலரின் உள்ளே மெல்லிய கம்பி வைத்துத் தைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் துணி தானாக நெளியாமல் இருக்கும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

ஆனால் அவளுக்கு ஆசை முகங்களின் மேல். ஒரு கதை வந்தால் முதலில் அதன் ஆட்களைக் காகிதத்தில் வரைவார்கள். அதைப் பார்த்துக் களிமண்ணில் தலை பிடிப்பார்கள். அதற்கு அச்சு எடுத்து, உள்ளே எஃகு எலும்புக்கூட்டை வைத்து, ரப்பர் ஊற்றித் தோல் போடுவார்கள். காகிதத்தில் இருப்பதுதான் கடைசிவரை வரும். அந்தக் காகிதத்தில் தன் கோடு இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். வீட்டில் வரைந்து எடுத்துப்போய் இயக்குநரிடம் காட்டுவாள். அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

“அழகா இருக்கும்மா. அதான் பிரச்சினை. கிழவன், திருடன், டாக்டர் எல்லாரும் மூக்கும் முழியுமா ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்காங்க. இதுல திருடன் யாரு, உங்க தம்பியா?”

அவள் சிரித்துவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு இரண்டு இடுப்பு வைத்துத் தைத்தாள். அப்புறம்தான் கவனித்துப் பிரித்தாள்.

விட்டுவிடவில்லை. பஸ்ஸில் எதிரே இருப்பவர்களை வரைந்தாள். வரைந்ததை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, நிழலை மட்டும் பார்த்தால் ஆள் இன்னாரென்று தெரிகிறதா என்று சோதித்தாள். பெரும்பாலும் தெரியவில்லை. எலும்புக்கூடு செய்கிற கம்பியண்ணனிடம் போய் நின்று, மூட்டு எப்படிச் சுழல்கிறது, ஏன் தோளைவிடக் கணுக்கால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டாள். கணுக்கால் தளர்ந்தால் பொம்மை குடிகாரனாகிவிடும் என்றார் அவர். அவளே சின்னச் சின்ன எலும்புக்கூடுகள் முறுக்கிப் பழகினாள். கை பழகியது, முகம் மட்டும் வரவில்லை.

அவள் கணவரை ஊரில் எல்லோரும் மைக் என்பார்கள். ஒரு வேனின் கூரையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது அவர் தொழில். துணிக்கடைத் தள்ளுபடி, தண்ணீர் வராத நாள், காணாமல் போன குழந்தை, எதுவானாலும் அவர் குரல்தான். நடுநடுவே சொந்தச் சரக்கும் சேர்ப்பார். “நாளை குடிநீர் வராது, குளிப்பவர்கள் இன்றே குளிக்கவும், குளிக்காதவர்கள் வழக்கம்போல் இருக்கவும்” என்பார். வேன் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

பேசுகிற பொம்மைக்கு வாய்கள் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ‘ஆ’வுக்கு ஒன்று, ‘ஈ’க்கு ஒன்று, உதடு மூடுகிற ‘ம’வுக்கு ஒன்று என்று ஒரு டப்பா நிறைய. காந்தத்தில் ஒட்டும், படத்துக்குப் படம் கழற்றி மாட்டுவார்கள். வாய் செய்ய ஆள் போதாதபோது அந்த வேலை ஊசியின் தலையில் விழுந்தது. அவள் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்தாள்.

“ஆ சொல்லுங்க.”

“ஆ.”

“அப்படியே இருங்க.”

“ஈ ஊ உ உ” என்றார் வாயை மூடாமல். ஈ பூந்துவிடும் என்று சொல்கிறார் என்று மகள் மொழிபெயர்த்தாள். மூவரும் சிரித்தார்கள். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, மேலண்ணத்தைத் தொடும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாயும் நாக்கு என்று ஒன்று விடாமல் வரைந்தாள். அந்த வாய்கள் நன்றாக வந்தன. பட்டறையில் அதற்கு யாரும் குறை சொல்லவில்லை.

நோயும் அந்த வாயில்தான் வந்தது. தொண்டை காயாமல் இருக்க என்று சொல்லிக் கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம் அவருக்கு. நாக்கின் ஓரம் ஒரு புண் ஆறவில்லை. ஆறிவிடும், ஆறிவிடும் என்று வேனில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசாமல் ஊசியைப் பார்த்துப் பேசினார். நாக்கில் பெரும்பகுதியையும் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தையும் எடுத்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு அவர் கண்ணாடி பார்க்கவில்லை. வார்டுக் குளியலறையில் இருந்த கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டுவிட்டார். மகள் தன் வெள்ளைப் பலகையையும் பேனாவையும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பேச்சு இனி அதில்தான். ஒரு நாள் ஊசியிடம் எழுதிக் காட்டினார்: ‘முதல்ல நீ வரை. உன் கைல பார்க்கிறேன். அப்புறம் கண்ணாடி.’

அவள் பக்கவாட்டில், அறுக்காத பக்கமாக உட்கார்ந்து வரைந்தாள். பழைய முகம். அவர் பார்த்தார். ‘இந்தப் பக்கம் எனக்கே தெரியும்’ என்று எழுதினார்.

அடுத்ததை நேராக வரைந்தாள். ஆனால் பென்சில் பயந்தது. உள்ளே விழுந்த தாடையைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டாள். தொங்கிய உதட்டைத் தூக்கிவைத்தாள். அவர் பலகையைத் துடைத்து எழுதினார்: ‘யார் இது, உன் தம்பியா?’

இயக்குநர் சொன்னதை அவள்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவரை பார்த்தது காயத்தை. இப்போது பார்த்தால் ஒரு முகத்தில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். வலது பக்கம் தொங்கியது. தொங்குகிறதே என்று இடது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் புருவம்கூட அந்த வேலையில் ஏறியிருந்தது. கீழுதட்டுக்கு அடியில் மோவாய் இல்லை. கழுத்து அங்கிருந்தே தொடங்கியது. வாயோரம் ஒழுகுவதை மடித்த கைக்குட்டையால் ஒற்ற, கை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தாமதமாகப் போனது, வேறு யாருடைய வாயையோ துடைக்கிற மாதிரி. எல்லாவற்றையும் வரைந்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. அசையக்கூடிய இடமும் குறைந்துவிட்டது. கடைசியில், ‘இப்ப சரி’ என்று எழுதினார். துடைத்துவிட்டு, ‘போஸ்டர் அடிச்சு ஒட்டு’ என்று எழுதினார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் வரைவதும் அவர் உட்கார்ந்து கொடுப்பதும் இருவருக்கும் பேச்சாகிவிட்டது. வீக்கம் வடிந்தது, தழும்பு இறுகியது, கதிர்வீச்சுக் கொடுத்த தோல் கறுத்தது. ஒவ்வொன்றும் காகிதத்தில் ஏறியது. வீட்டில் அவள் குழாய் வழியாகக் கரைத்த சாப்பாடு ஊற்றுவாள், அது இறங்குகிற வரைக்கும் வரைவாள். அவரும் அதற்கென்றே விளக்கைத் தன் பக்கம் திருப்பி வைப்பார்.

லீவு முடிந்து பட்டறைக்குத் திரும்பியவள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் காகிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பின்னால் இயக்குநர் வந்து நின்றது தெரியவில்லை.

“இதை யார் வரைஞ்சது?”

“நான்தான் சார்.”

“நீங்களா?” ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வழக்கமான கேலி இல்லை. “யாரும்மா இவன்? எங்க பிடிச்சீங்க?”

என் வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நொடி இயக்குநர் முகம் மாறும், ஐயோ பாவம் என்பார், காகிதங்களைக் கூச்சத்தோடு கீழே வைத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் அவள் கோட்டைக் கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று தோன்றியது.

“யாருமில்ல சார். மனசுல தோணினது” என்றாள்.

அப்போது குழந்தைகளுக்கான தொடர் ஒன்றுக்கு வில்லன் தேடிக்கொண்டிருந்தார்கள். சாக்கடை மூடிக்கு அடியில் வசிக்கிறவன். தெருவில் விளையாடும் பிள்ளைகளின் பந்துகளைத் திருடிச் சேர்ப்பவன். யார் வரைந்ததும் பிடிக்காமல் வேலை நின்றிருந்தது. இயக்குநர் ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டினார். “இதோ வந்துட்டான்” என்றார். கதை எழுதுகிறவர் அங்கேயே பெயரும் வைத்துவிட்டார், கோணவாயன்.

“பேரு மட்டும் வேற ஏதாவது வைக்கலாமே சார்” என்றாள் ஊசி.

“ஏன்? பசங்க வாயில பச்சக்குனு ஒட்டிக்கும்மா. நீங்க இனிமே தைக்க வேணாம். இவனை நீங்களே பண்ணுங்க, தலைலேர்ந்து கால் வரைக்கும்.”

அவள் பொம்மையின் முகத்தை மாற்றத்தான் பார்த்தாள். களிமண்ணில் முடியைச் சுருட்டையாக்கினாள், காதைப் பெரிதாக்கினாள், மூக்கை நீட்டினாள். அதெல்லாம் ஒட்டியது. தாடையைத் தொட்டால் மட்டும் பொம்மை செத்துப்போனது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கினால் யாரோ ஒருவனாகிவிட்டது. மறுபடி தொங்கவிட்டால் உயிர் வந்தது. அவள் கை இப்போது பொய் சொல்ல மறுத்தது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூடிக்கு அடியில் இருட்டில் நிற்கிற ஒரு சாண் பொம்மையை யார் வந்து அடையாளம் காணப் போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள்.

வாய்களுக்குப் புதிதாக வரைய நேரமில்லை. டப்பாவில் இருந்த பழைய வாய்களையே அந்த உதட்டுக்குத் தக்கபடி வார்த்தாள்.

முதல் சோதனைக்குப் பொம்மையை அவளே நகர்த்தினாள். கோணவாயன் மூடியைத் தூக்குகிறான், வெளியே எட்டிப் பார்க்கிறான், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து வாயோரத்தை ஒற்றுகிறான், கொஞ்சம் தாமதமாக. அது கதையில் இல்லை. அவள் விரல்கள் தாமாகச் செய்தவை. ஓட்டிப் பார்த்ததும் இயக்குநர் மேசையைத் தட்டினார்.

“அந்தக் கைக்குட்டை! அதாம்மா கேரக்டர்!”

வீட்டில், தன்னை ஆட்கள் வரைகிற வேலையில் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். மைக் பலகையை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிப் போனார். மளிகைக் கடைக்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு மாமா என்று எல்லோரிடமும் எழுதிக் காட்டினார்: ‘என் வீட்டம்மா இப்போ ஆர்ட்டிஸ்ட்.’ ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தானாக வெளியே போனது அதுதான் முதல் தடவை.

தொடர் ஒளிபரப்பானபோது, “நம்ம கனெக்‌ஷன்ல அந்தச் சேனல் வராதுங்க” என்றாள். அவர் நம்பினார்.

கோணவாயன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டான். பந்து சாக்கடைப் பக்கம் உருண்டால் “கோணவாயா, எங்க பந்து!” என்று கத்துவது எல்லாத் தெருவுக்கும் விளையாட்டானது. வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கைக்குட்டையால் ஒற்றிக் காட்டுவதில் போட்டியே நடந்தது. இதற்கு நடுவில்தான் மைக் சாயங்காலம் பால் வாங்கப் போவார். ஒரு காலத்தில் வேனின் பின்னால் ஓடிய அதே பிள்ளைகள், அல்லது அவர்களின் தம்பி தங்கைகள். அவரைக் கண்டதும் ஒருவன் “கோணவாயா!” என்று கூவினான். மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள், பாதி பயம், பாதி சிரிப்பு. அவர் கைக்குட்டையை எடுத்ததும் சிரிப்பு அதிகமானது. வாய் கோணியிருக்கிறது, கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, ‘புதுப் பட்டம் கிடைச்சிருக்கு’ என்று எழுதினார். ஊசி பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மகளிடம் அந்த மறைப்பு நடக்கவில்லை. தோழி வீட்டில் தொடரைப் பார்த்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நின்றாள்.

“அம்மா, அது அப்பாதானே?”

“எது?”

“நடிக்காதம்மா. கைக்குட்டையை நாலா மடிச்சு வெச்சிருக்கான். அப்பா மாதிரியே.”

“மெதுவா பேசு.”

“ஊரே கத்துது, நான் மெதுவா பேசணுமா? உனக்கு வரைய வேற மூஞ்சியே கிடைக்கலையா?”

“கிடைக்கலடி” என்றாள் ஊசி. அது உண்மை. அதைக் கேட்ட பிறகு மகள் அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர் சலூனில் பார்த்தார். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும்தான் இப்போது தாடி வளர்ந்தது. அதை மழிக்கப் போயிருந்தார். பின்சுவரில் டிவி ஓடியது. எதிரே இருந்த கண்ணாடியில் சோப்பு நுரையோடு அவர் முகமும், அதன் தோளுக்கு மேல் மூடியைத் தூக்கிக்கொண்டு கோணவாயனும் தெரிந்தார்கள். முடிதிருத்துபவரும் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து வேறு சேனல் மாற்றினார். மைக் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டி, திரும்ப வை என்று சைகை காட்டினார். கதை முடிந்து பெயர்கள் ஓடுகிறவரை பார்த்தார். ‘பாத்திர உருவாக்கம்’ என்பதற்குக் கீழே அவள் முழுப்பெயர் வந்தது. மழித்து முடிக்கச் சொல்லி, தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பலகையில் எழுதினார்: ‘நல்லா வந்திருக்கு.’

ஊசிக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

துடைத்து எழுதினார்: ‘என்கிட்ட கேட்டிருக்கலாம்.’

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். ‘சரின்னு சொல்லியிருப்பேன்.’

அவர் திட்டியிருந்தால், பலகையை எறிந்திருந்தால், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்; இத்தனை மாதம் குழாய் பிடித்த கதையைக்கூட இழுத்திருப்பாள். இதற்கு மன்னிச்சிடுங்க என்றாள். அவர் பலகையைத் துடைத்துக் கீழே வைத்தார்.

மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அன்னிக்கே சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனாம்மா?” என்றார். கோணவாயனை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டாள். நிறுத்துகிற நிலை தாண்டிவிட்டது. பொம்மைக் கடைகளுக்கு பிளாஸ்டிக்கில் வார்க்கக்கூட அச்சு போய்விட்டது. “நான் விலகினா?” என்றாள். “நீங்க விலகினாலும் அச்சு இங்கதானே இருக்கு?” என்றார் அவர். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். வீட்டில் மருந்து அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் விலகவில்லை.

சில வாரம் கழித்து, அவனைப் பார்க்க வேண்டும் என்று மைக் எழுதினார். அவள் அழைத்துப்போனாள். ஜன்னலில்லாத கட்டடத்துக்குள் அவர் வந்ததும் எல்லோரும் ஏதோ வேலையாகக் குனிந்துகொண்டார்கள். கம்பியண்ணன் மட்டும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கோணவாயனை அவர் கையில் கொடுத்தாள். மைக் அதன் கழுத்தைத் திருப்பினார், கையைத் தூக்கினார், சட்டைப் பையைத் திறந்து உள்ளே கைக்குட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வாய் டப்பாவைத் திறந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர், ‘ஆ’ வாயில் நின்றார். முன்பல் நடுவே சந்து. இடப்பக்கம் சாய்ந்த நாக்கு. அதை விரல்நுனியால் தொட்டார். பலகையைக் கேட்டு வாங்கினார்.

‘இவனுக்கு நாக்கு இருக்கு.’

அவர் தோள் குலுங்கியது. மூச்சு கரகரவென்று வந்தது. அழுகிறார் என்று ஊசி பதறினாள். சிரித்துக்கொண்டிருந்தார். துடைத்து மறுபடி எழுதி இயக்குநரிடம் நீட்டினார்: ‘குரல்தான் சரியில்ல. உறுமுறான். நான் பேசியிருந்தா தூக்கியிருப்பேன்.’ இயக்குநர் படித்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டு எடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பழையபடி ஆகிவிடும் என்று ஊசி எண்ணினாள். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்து நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே போட்டாள். மைக் விளக்கைத் தன் பக்கத்திலிருந்து திருப்பி வைத்தார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். அவள் பென்சிலைக் கீழே வைத்ததும் திரும்பினார். சாப்பாடு ஊற்றக் குழாயை நீட்டிக் கொடுத்தார், மாத்திரை கேட்டார், தண்ணீர் வராத நாளைப் பற்றிப் பழைய ஜோக்கைக்கூட எழுதினார். பென்சிலை மட்டும் அவர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பால் வாங்கவும் போகவில்லை. மகள் போனாள்.

கழுத்தில் கட்டி வந்தது. இந்தத் தடவை டாக்டர் ஊசியைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. கையிலிருந்த ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பேசினார். வீட்டுக்கே கூட்டிப்போகச் சொன்னார். மழைக்காலம் முழுக்க அந்த அறையில் ஈரத்துணி வாடையும் மருந்து வாடையும் கலந்து நின்றன. கடைசி நாட்களில் அவருக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. மகள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள், சரியான எழுத்து வந்தால் அவர் கண்ணை மூடுவார். இப்படி அப்பாவும் மகளும் நிறையப் பேசினார்கள். ஊசி உள்ளே வந்தால் நிறுத்தவில்லை. ஆனால் அவளிடம் சொல்ல என்று ஒரு சொல்லும் அதில் வரவில்லை. காத்திருந்து பார்த்தாள்.

ஒரு பகல் வேளையில், மகள் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது.

எல்லோரும் வந்து சேர்வதற்குள் அவரோடு தனியாகக் கொஞ்ச நேரம் கிடைத்தது அவளுக்கு. முகம் அவள் பக்கமாகவே இருந்தது. இனி திரும்பாது. இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த இடது பக்கமும் தளர்ந்து, இரண்டு பக்கமும் ஒன்றாகியிருந்தன. அலமாரியில் பென்சில் இருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போனது உண்மை. பிறகு அதே கையால் கைக்குட்டையை எடுத்து வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். வரையவில்லை.

தொடர் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. கடைசிக் கதையில் கோணவாயன் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனான். அதை வேறொருவர் நகர்த்தினார். அவள் கேட்டுக்கொண்டதால் அந்த வாரம் லீவு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிற கதைகளின் ஆட்களை எல்லாம் அவள்தான் வரைகிறாள். இப்போது ஒரு முகம் மாதிரி இன்னொன்று இருப்பதில்லை. திருடன் திருடனாக இருக்கிறான், டாக்டர் டாக்டராக. வெளியூரிலிருந்துகூட அவள் வரைந்ததைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவள் காட்டுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், இங்கேதான் என்பாள்.

கோணவாயன் பட்டறை அலமாரியின் மேல்தட்டில் கிடந்தான். ரப்பர் தோல் நாளாக ஆக இறுகி, கன்னத்தில் வெடிப்பு விட்டது. இயக்குநர் ஒருநாள், “வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார். அவள் மகளிடம் கேட்டாள். மகள் அப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். “அது இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் இருக்க மாட்டேன்” என்றாள்.

புதுக் கதைக்கு எலும்புக்கூடு குறைந்தபோது, கம்பியண்ணன் கேட்காமலே ஊசி மேல்தட்டிலிருந்து அதை இறக்கினாள். எஃகு மூட்டுகள் இன்னும் நன்றாகவே இருந்தன. கத்தியால் முதுகில் கீறித் தோலை உரித்தாள். பழைய எலும்பின் மேல் இப்போது ஒரு தபால்காரி இருக்கிறாள்.

உரித்த அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தபடியே கேட்டாள்.

“முகத்தை என்ன பண்ணின?”

“முகம் முழுசா வராதுடி. கிழிஞ்சுதான் வரும்.”

மகள் கையிலிருந்த துணியை மறுபடி உதறி, முதலிலிருந்து மடித்தாள். “சாப்பிட்டியா?” என்றாள். அப்படி அவள் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. இன்னும் இல்லை என்றாள் ஊசி. மகள் எழுந்து போய் ஒரு தட்டு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.